வால்ட்டருக்குக் கொடுத்த கடிகாரம்

வால்ட்டர் என்று ஒரு கிழவர் அமெரிக்காவில் இருக்கவே இல்லை. ஆனாலும் அவருடைய முகநூல் பக்கத்தில் மூன்று லட்சம் பேர் அவருக்குத் தினமும் காலை வணக்கம் சொன்னார்கள். எழுபத்தொரு வயது. ஒஹாயோவில் ஓர் இரும்பு வார்ப்பு ஆலையில் முப்பத்தாறு வருடம் உழைத்து, ஒரே நாளில் தெருவுக்கு வந்தவர். மனைவியை இழந்தவர். முன்கோபி. அந்தக் கோபம் முழுவதும் மலேசியாவின் ஈப்போவில் ஒரு சைக்கிள் கடையின் மேல்மாடியில், புஷ்பலதாவின் பத்து விரல்களிலிருந்து வந்துகொண்டிருந்தது.

அந்த மாடியில் பன்னிரண்டு கணினிகளும் சொட்டுச் சொட்டாக ஒழுகும் ஏர்கானும் இருந்தன. அமெரிக்கத் தேர்தலில் சிவப்புக் கட்சிக்கு ஆறு பேர் எழுதினார்கள், நீலக் கட்சிக்கு ஆறு பேர். புஷ்பலதா சிவப்பு. பக்கத்து மேசை தீபன் நீலம். அவன் டோரத்தி என்ற ஓய்வுபெற்ற டீச்சராக மாறி வால்ட்டரைக் காய்ச்சி எடுப்பான். வால்ட்டரும் விடமாட்டார். அங்கே ஆயிரக்கணக்கான பேர் இரண்டாகப் பிரிந்து ஒருவர் குடுமியை ஒருவர் பிடித்துக்கொண்டிருக்க, இங்கே இரண்டு பேரும் ஒரே பொட்டலம் தேங்காய்ப்பால் சோற்றை, நாசி லெமாக்கைப் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

"அக்கா, டோரத்தி ஒங்கள இன்னிக்குக் கிழிச்சிட்டா, பாத்தீங்களா?"

"கிழிக்கட்டும் லா. மொதல்ல அந்தச் சம்பல இங்க நகத்து."

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். கூத்தாடி கண்ணாடி அறைக்குள் இருந்தான். பெயர் மெய்யப்பன், அந்த அலுவலகத்தின் முதலாளி, வயது முப்பத்து மூன்று, மெல்பர்னில் படித்தவன். லகாட் ஊரைத் தாண்டி இருக்கும் ஏழாங்கட்டைத் தோட்டம் அவன் தாத்தா வாங்கியது. புஷ்பலதாவின் அப்பா பழனியப்பன் அந்தத் தோட்டத்தில்தான் கித்தா எனும் ரப்பர்ப் பால் மரம் சீவினார்.

இந்த எழுத்து வேலைகூட அவளுக்கு அப்பா வாங்கிக் கொடுத்ததுதான். புஷ்பலதா பள்ளி இறுதித் தேர்வான எஸ்டிபிஎம்மில் ஆங்கிலத்தில் ஏ வாங்கியவள். மேலே படிக்க வழியில்லாமல் பதினாறு வருடம் கையுறை ஆலையில் வெந்தாள். தொற்றுக் காலம் முடிந்ததும் ஆலை ஆட்களைக் குறைத்தது. அப்பா சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, ஒரு வாழைத்தாரைத் தோளில் தூக்கிக்கொண்டு, மெய்யப்பனின் பங்களா வாசலில் போய் நின்றார். "நம்ம மொதலாளி பேரன் லா, கேட்டா குடுக்காம இருப்பாரா?" என்றார். கொடுத்தான். அன்றிலிருந்து ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்த பங்களாவுக்கு ஒரு தார் போகிறது. அதை நினைக்கும்போதெல்லாம் புஷ்பலதாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வார்ப்பு ஆலையை அவள் கண்ணால் பார்த்ததில்லை. எனவே வால்ட்டருக்கு அப்பாவின் வாழ்க்கையையே எடுத்துக் கொடுத்தாள். இரண்டாயிரத்து மூன்றில் ஏழாங்கட்டையில் கித்தா மரங்களைச் சாய்த்து, பாமாயில் எடுக்கும் செம்பனை நட்டார்கள். தோட்டத்தைக் குத்தகைக்காரனிடம் விட்டார்கள். அவன் பாதிக் கூலிக்கு பங்களாதேஷிலிருந்து ஆள் கொண்டுவந்தான். முப்பத்தாறு வருடம் உழைத்த பழனியப்பனுக்கு ஒரு மூட்டை அரிசியும், முதலாளி கம்பெனியின் பெயர் போட்ட ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்து அனுப்பினார்கள். ஆறே மாதத்தில் கடிகாரம் நின்றுவிட்டது. வால்ட்டரின் மனைவிக்கு அம்மா சுமந்த பால் வாளியைக் கொடுத்தாள், வால்ட்டருக்கும் ஒரு கடிகாரம் கொடுத்தாள். அதுவும் நின்றது. அந்தப் பதிவை நாற்பதாயிரம் பேர் பகிர்ந்தார்கள்.

அப்பாவுக்காக இந்த ஊரில் ஒரு ஈ காக்கைகூட அழவில்லை. வால்ட்டருக்காக ஒஹாயோவே அழுதது.

தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது மெய்யப்பன் அவளைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டான்.

"அழுகை போதும், புஷ்பா. வால்ட்டர் வேலை யாரால போச்சுன்னு இனிமே அவரு சொல்லணும்."

"ஆல மொதலாளியாலதானே பாஸ்?"

அவன் சிரித்தான். "மொதலாளியத் திட்டினா நமக்குக் காசு குடுக்கிறவன் ஓடிருவான். வெளிநாட்டுல இருந்து வந்தவங்கன்னு எழுதுங்க. வந்தவன் எல்லாம் திரும்பிப் போகட்டும்னு முடிங்க."

புஷ்பலதாவுக்குக் காது சூடாகிவிட்டது. பதினைந்து வயதில் பஸ்ஸுக்கு நின்றபோது முன்பின் தெரியாத ஒருவன் 'பாலிக் இந்தியா', இந்தியாவுக்குத் திரும்பிப் போ, என்று அவள் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போனான். இந்தியா எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவளுக்குச் சொல்லத் தெரியாது. அவளுடைய பாட்டனே இந்த மண்ணில் பிறந்தவர்.

"அத என் கையால எப்படி பாஸ் எழுதுறது?"

"அது அமெரிக்கா லா. நம்ம மேல படாது." பிறகு குரலைத் தணித்துக்கொண்டான். "லயத்து வீடுங்கள இந்த வருஷமே இடிக்கணும்னு எங்கப்பா நிக்கிறாரு. ஒங்கப்பா இருக்காரேன்னு நான்தான் புடிச்சு வெச்சிருக்கேன். தெரியுமில்ல?"

தெரியும். புந்தோங்கில் அவள் இருப்பது ஒற்றை அறை. அப்பாவுக்குத் தோட்டக் கூலிகளுக்குக் கட்டிய அந்த லயத்து வீட்டை விட்டால் வேறு கூரை இல்லை. அவர் பெயரில் ஒரு முழம் மண்கூட இல்லை. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். அந்த ஓநாயின் முகத்தை அவள் அன்று கிட்டத்தில் பார்த்தாள். பார்த்துவிட்டு, மேசைக்குப் போய் உட்கார்ந்து, பன்னிரண்டே நிமிடத்தில் எழுதி முடித்தாள்.

கடிகாரப் பதிவையெல்லாம் அது தூக்கிச் சாப்பிட்டது. நான்காம் நாள் கென் என்று ஒரு கிழவர், இவர் நிஜமாகவே இருப்பவர், வால்ட்டருக்குத் தனியாக எழுதியிருந்தார். "பக்கத்து வீட்டில் ஒரு மெக்சிகோக்காரி. என் மனைவி போன பிறகு வாரம் ஒருநாள் சூப் கொண்டுவந்து தருவாள். நேற்று அவள் கண் முன்னாலேயே அதைச் சாக்கடையில் ஊற்றினேன். தைரியம் கொடுத்ததற்கு நன்றி, வால்ட்டர்."

எந்தச் செய்திக்கும் ஒரு மணி நேரத்துக்குள் பதில் போட வேண்டும் என்பது அலுவலகச் சட்டம். புஷ்பலதா ஒரு சிவப்பு இதயத்தை அழுத்தி அனுப்பினாள். அன்று நாசி லெமாக் இறங்கவில்லை. தீபன் என்னவென்று கேட்டான். வயிறு சரியில்லை என்று பொய் சொன்னாள்.

தீபாவளிக்கு முந்தின நாள் அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு, ஒரு புதுச் சட்டையும் ஒரு டின் முறுக்குமாக மோட்டார் சைக்கிளில் ஏழாங்கட்டைக்குப் போனாள். அறுபது கதவு இருந்த லயம். இப்போது ஐந்து கதவுக்குப் பின்னால்தான் ஆள் இருக்கிறார்கள். அப்பாவின் அடுத்த வீட்டில் ரபீக் இருந்தான். பங்களாதேஷ்காரன், லயத்தார் வாயில் பங்களாக்காரன், செம்பனைக் குலை வெட்டுபவன். போன மாதம் அப்பாவுக்குக் காய்ச்சல் முற்றியபோது, மழையில் தன் மோட்டாரின் பின்னால் உட்காரவைத்துக் கிளினிக்குக்குக் கொண்டுபோனவன் அவன்தான். வெள்ளிக்கிழமை தவறாமல் மீன் குழம்பு கொண்டுவந்து தருவான். "நல்லம்மா கைப்பக்குவம் மாதிரியே இருக்கு" என்று, செத்துப்போன மனைவியை நினைத்துக்கொண்டு அப்பா வழித்துச் சாப்பிடுவார்.

அன்று அந்தக் குழம்புக் கிண்ணம் வாசலுக்கு வெளியே மண்ணில் கிடந்தது. மூடி விலகி எறும்பு மொய்த்திருந்தது. உள்ளே சுவரோரமாக மெய்யப்பனுக்குப் போகவேண்டிய வாழைத்தார் பேப்பர் சுற்றிப் பத்திரமாக இருந்தது. அப்பா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் போன்.

"என்னாப்பா இது? ரபீக்கு குடுத்ததா?"

"கொண்டுபோயிக் கொட்டு. பங்களாக்காரன் சோறு இனிமே எனக்கு வேணாம்."

"ஏன், என்னா பண்ணான்?"

"என்னா பண்ணானா? இதக் கேளு. எவனோ ஒருத்தன் என் கதைய அப்படியே எழுதியிருக்கான். பெரியசாமின்னு பேரு. வாட்ஸப் குரூப்புல வந்திச்சு." கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தார். முப்பத்தாறு வருட உழைப்பு வந்தது. பால் வாளியை ஸ்டோரில் இறக்கி வைத்த பிறகே பிரசவ வலி என்று வாயைத் திறந்த மனைவி வந்தாள். ஒரு மூட்டை அரிசியும் ஆறு மாதத்தில் நின்றுபோன கடிகாரமும் வந்தன. அப்பா சுவரில் நின்றுபோன கடிகாரத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கடைசி வரியைக் கத்தியே வாசித்தார். "'பங்களாக்காரன் வந்தான், நம் சோறு போனது. வந்தவன் எல்லாம் திரும்பிப் போகட்டும்.' போட்டான் பாரு! எவ்வளவு உண்ம!"

புஷ்பலதா வெளியே வந்து தீபனுக்குப் போன் போட்டாள்.

"பாஸ் குடுத்தாரு அக்கா," என்றான் அவன். "இங்க அடுத்த தேர்தலுக்கு ஒரு கட்சிக்காரங்க கேட்டிருக்காங்களாம், ட்ரையல்னாரு. நான் வால்ட்டரத் தமிழ்ல போட்டு, ஆலைய எடுத்துட்டு தோட்டத்த வெச்சேன். அவ்ளோதான். இங்கல்லாம் இப்ப கிழி கிழின்னு ஓடுது. ஏன் அக்கா?"

"அது எங்கப்பா கதை லா, பாவி."

அவள் போனை வைத்தாள். அமெரிக்காவில் படுவது நம் மேல் படாதாம். சொன்ன வாயைக் கிழிக்க வேண்டும் போலிருந்தது. எழுதிய கையை என்ன செய்வது?

உள்ளே போய் அப்பாவின் எதிரே நின்றாள். "அப்பா, அத எழுதுனது நான்."

"எத?"

"அதத்தான். வெள்ளக்காரனுக்குன்னு எழுதுனேன். எனக்கு வேற கதை தெரியாது. ஒங்க கதைதான் தெரியும். இப்ப அத இங்கயே கொண்டாந்து விட்டுட்டாங்க."

அப்பா போனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அடிக்க வருவார் என்று நினைத்தாள். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்க," என்றார் மெதுவாக. "அம்மா வாளிய எறக்குனதுகூட. மரத்தச் சாய்க்கச் சொன்னது யாருன்னு மட்டும் ஏன் எழுதல?"

அவ்வளவுதான், அவளுக்குள் இருந்தது எல்லாம் வெடித்தது. "நீங்க ஏன் சொல்லல? இருவத்தோரு வருசமா ஒங்க வாயில வந்துச்சா? சாய்க்கச் சொன்னது தாத்தன். குத்தகைக்கு விட்டது அப்பன். பேரனுக்கு நீங்க வாழத்தாரு தூக்குறீங்க! மழையில ஒங்களத் தூக்கிட்டுப் போனவன் கொழம்பு மண்ணுல கெடக்கு. ரபீக்கா ஒங்கள வேலைய விட்டு நிப்பாட்டுனான்? அரக் கூலிக்கு அவனப் புடிச்சிட்டு வந்தது யாரு?"

"கத்தாத. எனக்குத் தெரியாதா?" அப்பாவும் கத்தினார். "மொதலாளியச் சொன்னா இந்த வூடு போயிரும். ரபீக்கச் சொன்னா ஒண்ணும் போகாது. அதான் லா! ஒனக்கு என்னா பயம்?"

"அதே பயந்தாம்ப்பா."

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் எய்தவன் வீட்டில் குடியிருப்பவன் அம்பைத்தான் நோகிறான். அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்க்க வெட்கப்பட்டார்கள்.

அப்பா எழுந்தார். சுவரிலிருந்து கடிகாரத்தைக் கழற்றி, கம்பெனி பெயர் தெரிகிறாற்போல நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். "படம் புடி. இப்ப எழுது. யாரு யாருன்னு பேரோட எழுது."

"வூடு போயிரும்பா."

"போனா போகட்டும். எழுது."

அவள் தன் சொந்தப் பெயரிலேயே எழுதினாள். "இது என் அப்பா பழனியப்பனின் கதை. மரங்களைச் சாய்க்கச் சொன்னவர் ஏழாங்கட்டை முதலாளி. பாதிக் கூலிக்கு ஆள் பிடித்தவர் அவருடைய குத்தகைக்காரர். பழியைப் பங்களாதேஷ்காரர்கள் மேல் போடச் சொன்னவர் முதலாளியின் பேரன் மெய்யப்பன். அவர் சொல்லி எழுதியவள் நான்." அந்தப் பதிவு சுற்றிய குரூப்புகளுக்கெல்லாம் படத்தோடு அனுப்பினாள். பிறகு வால்ட்டரின் பக்கத்தைத் திறந்து அதையே ஆங்கிலத்தில் போட்டு, வால்ட்டர் என்று யாரும் இல்லை என்றும் சேர்த்தாள். ஒரு நிமிடத்தில் வசவு கொட்டியது. நீலக் கட்சிக்கு விலைபோய்விட்டான் கிழவன் என்றார்கள். இவ்வளவுக்குப் பிறகும் வால்ட்டர் இல்லை என்று அவர்கள் நம்பத் தயாராக இல்லை. கென்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

அதற்குள் அப்பா ரபீக்கின் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டு வந்திருந்தார். வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாது. பேப்பரைப் பிரித்து, தாரிலிருந்து பெரிய சீப்பாக ஒன்றை அறுத்துக் கிண்ணத்தின் மேல் வைத்து, அடுத்த வீட்டுக் கதவடியில் வைத்தார். மீதித் தாரையும் தூக்கிப்போய் அதன் பக்கத்திலேயே சாய்த்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

புஷ்பலதாவின் போன் அடித்தது. திரையில் மெய்யப்பன் பெயர்.

"யாரு, மொதலாளியா?" அப்பா சட்டென்று எழுந்து நின்றார். மடித்துக் கட்டியிருந்த கைலியை அவர் கை தானாகவே அவிழ்த்துக் கணுக்கால் வரை இறக்கிவிட்டது. அந்த வீட்டின் முன்னால் முதலாளி கார் வந்து நின்ற நாளிலிருந்து பழகிய கை. புஷ்பலதா அதைப் பார்த்துவிட்டாள். அவள் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. அப்பா குனிந்து கைலியைத் தூக்கி, முழங்காலுக்கு மேலே இறுக்கி மடித்துக் கட்டினார். நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார்.

"குடு, நான் பேசறேன்."

வாங்கிக் காதில் வைத்தார்.

"மெய்யப்பா, பழனியப்பன் பேசறேன்."