யாரிடம் தண்ணீர் கேட்டாள்?

1.

இந்தக் கதையில் எனக்குச் சொந்தமானது பாதிதான். நாங்கள் வீடு மாறியபோது சாமான் கட்ட வந்தவர், என் கண்ணாடி டம்ளர்களைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே, "விமானத்துல பிள்ளைக்குப் பால் பாட்டில் விடுவாங்களாங்க?" என்று கேட்டார். அடுத்த வாரம் இரண்டரை வயது மகளோடு முதல்முறையாக விமானம் ஏறப் போகிறாராம். மனைவி வெளிநாட்டில் நர்ஸ். போய் ஒன்றரை வருடம் ஆகிறது. அவர் சொன்னது அவ்வளவுதான். மீதிக்கு நான்தான் பொறுப்பு.

2.

"பெட்டி கட்டுவது ஒரு கலை" என்று ஆரம்பித்தேன். (வேண்டாம். இப்படித் தொடங்குகிற கதையை நானே படிக்க மாட்டேன்.)

"காலைக் கதிரவனின் பொன்னொளி அந்தப் பெட்டியின் மீது" — பெட்டி மேல் வெயில் அடித்தால் என்ன, அடிக்காவிட்டால் என்ன.

நேராகவே வருகிறேன். ஊரார் வீட்டுச் சாமானையெல்லாம் கட்டியவருக்குத் தன் பெட்டி என்ன பெரிய காரியம்? கனமானது அடியில், போய் இறங்கியதும் தேவைப்படுவது மேலே. மதியத்துக்குள் பெட்டியை மூடி, சுற்றி டேப்பும் ஒட்டிவிட்டார். மகளின் குட்டித் தலையணை, மாற்று உடுப்பு, பிஸ்கட் எல்லாம் உள்ளே. வீட்டில் அவளுக்குப் பெயர் பொடிசு. அந்தத் தலையணை இல்லாமல் பொடிசு கண்ணை மூட மாட்டாள்.

வழியனுப்ப வந்த அவருடைய அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "ஏன்டா, வழியில அவ தூங்க வேணாமா?"

அவர் திருதிருவென்று விழித்தார். அவர் தொழிலில் வழி என்று ஒன்று கிடையாது. லாரியில் ஏற்றிய பீரோ நடுவழியில் பசிக்கிறது என்று அழுவதில்லை. (இந்த வரி எனக்குப் பிடித்திருக்கிறது. அதனாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது.) டேப்பைக் கிழித்தார்.

3.

ஒன்றை மறைத்துவிட்டேன். பொடிசு அவரைத்தான் "அம்மா" என்று கூப்பிடுகிறாள்.* ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது எல்லாம் அவர்தானே. போனில் தெரிகிற பெண்ணுக்கு அவள் வைத்த பெயர் "ஹலோ". அதைக் கேட்டு மனைவி சிரிப்பாள். பிள்ளை தன்னை 'அம்மா' என்பதை மட்டும் அவர் சொல்லவே இல்லை. போன் வந்தால் பிள்ளையின் வாயில் ஒரு பிஸ்கட்டைத் திணித்துவிடுவார்.

"இப்பவாச்சும் சொல்லித் தொலைடா," என்றாள் அக்கா. "அங்க போய் உன் காலைக் கட்டிக்கிட்டு இவ அம்மான்னா, அந்தப் பொண்ணு மனசு என்ன பாடுபடும்?"

"எப்படிக்கா சொல்றது? இவ முகத்தைப் பார்த்துத்தான் அவ அங்க நாளைத் தள்ளுறா."

* 'அப்பா' என்று சொல்லப் பழக்கியிருக்க மாட்டாரா என்று எனக்கும் தோன்றியது. பழக்கினார். "அப்பா சொல்லு" என்றார். "அப்பா சொல்லு" என்றாள்.

4.

அந்த நேரம் பார்த்து மனைவியின் போன். பிஸ்கட் பெட்டிக்குள் எங்கேயோ அடியில் கிடந்தது. பாதி காலியான பெட்டியில் ஏறி உட்கார்ந்திருந்த பொடிசு, அவரைப் பார்த்துக் கத்தினாள்: "அம்மா, தண்ணி!"

"என்னடா கண்ணு?" என்றது போன். மனைவியின் முகம் மலர்ந்துபோயிருந்தது.

அவர் தண்ணீர் எடுத்த டம்ளரோடு நின்றார். அக்கா கூரையைப் பார்த்தாள்.

இந்த இடத்தில் அவரைப் பொய் சொல்ல வைத்து ஒரு பக்கம் எழுதினேன். "பார்த்தியா, உன்னைத்தான் கூப்பிடுறா" — வரவில்லை. அடித்துவிட்டேன்.

"உன்னை இல்ல, என்னைக் கூப்பிடுறா," என்றார். "ரொம்ப நாளாவே அப்படித்தான். சொல்ல பயமா இருந்துச்சு."

போனில் மனைவியின் முகம் கிட்டே வந்தது.

"தெரியும்ங்க. நான் போன் பண்றப்பல்லாம் எந்தப் பிள்ளை பிஸ்கட் தின்னும்?"

"அப்புறம் ஏன் என்னன்னு கேட்ட?"

"அம்மான்னு கூப்பிட்டுட்டாளே. கேட்காம இருக்க முடியல." மூக்கை உறிஞ்சினாள். அழுதிருந்தாள். "நீங்க கிளம்பி வாங்க. இங்க வந்து கூப்பிடட்டும். நீங்களும் என்னன்னு கேளுங்க, நானும் கேட்குறேன்."

5.

முடிவுக்கு இரண்டு வைத்திருந்தேன். பொடிசு ஓடிப்போய்த் தாயைக் கட்டிக்கொள்கிறாள். (அழலாம், நம்ப முடியாது.) அல்லது, அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறாள். (நம்பலாம், எழுதக் கை வரவில்லை.)

அதனால் இவ்வளவுதான் எழுதினேன். தலையணை கைப்பையில், பிஸ்கட் அதற்கும் மேலே. விமானம் இறங்கிவிட்டது. வெளியே வரும் கதவு திறக்கிறது. கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் நிற்கிறாள். தூக்கம் கலைந்த பொடிசு, தோளில் கிடந்தபடியே, "அம்மா, தண்ணி," என்கிறாள்.

"என்னடா," என்று இரண்டு குரல்கள் கேட்கின்றன.

தண்ணீர் பாட்டில் இப்போது அந்தப் பெண்ணின் கையில் இருக்கிறது. அதை அங்கே வைத்தது நான்தான். அதற்கு மேல் எனக்கு உரிமை இல்லை. பொடிசு தலையைத் தூக்குகிறாள். எந்தப் பக்கம் பார்த்தாள் என்று நீங்கள் சொல்லுங்கள்.