தலை தட்டும் வீடு

எங்கள் தெருவில் விருத்தகிரி வீட்டுக்குள் நுழைகிறவர்கள் எல்லாரும் பக்திமான்களாகத் தெரிவார்கள். அத்தனை பேரும் தலையைக் குனிந்துதான் போவார்கள். வேறு வழியில்லை, வாசல் நிலை முழுசாக ஆறடிகூட இல்லை, அதிலும் அரையடி வாசற்படிக்கே போய்விடும். விருத்தகிரி ஐந்தடி பதினொன்று, மகன் கோகுலகிருஷ்ணன் ஆறடி ஒன்று. அவன் சட்டையைக் கழற்ற வேண்டுமானால் முதலில் ஃபேனை நிறுத்த வேண்டும். படுக்கையறையில் கட்டிலைப் போட்ட பிறகு பீரோவுக்கு இடமில்லை. அது இருபத்தைந்து வருஷமாகக் கூடத்தில், கிளம்ப மனமில்லாத விருந்தாளி மாதிரி நின்றது.

இந்த வீட்டைப் பார்க்கத்தான் சென்னையிலிருந்து ஆட்கள் கார் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

வீட்டை வரைந்தவர் ராஜமாணிக்கம். விருத்தகிரியோடு ஒரே பெஞ்சில் படித்தவர். உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1982இல் எங்கள் ஊர் ஜங்ஷன் ரோட்டில் ஒரு சைக்கிள் கடை மாடியில் ‘மாணிக்கம் அண்ட் பார்ட்னர்ஸ்’ என்று போர்டு மாட்டினார். பார்ட்னர்கள் யாரென்று கேட்டால், “வருவாங்க” என்பார். யாரும் வரவில்லை. முதல் வேலையாக நண்பனுக்கு இந்த வீட்டை வரைந்து கொடுத்தார். கடைக்கால் தோண்டிய மறு வாரமே மெட்ராஸுக்குப் பஸ் ஏறிவிட்டார்.

இன்று அவர் கம்பெனிக்கு எட்டு மாடி ஆபீஸ், இருநூற்று நாற்பது பேர், துபாயில் ஒரு கிளை. காலேஜ், ஆஸ்பத்திரி, கம்ப்யூட்டர் கம்பெனி என்று வரைந்து தள்ளுகிறார்கள். எல்லாவற்றிலும் ஒரே அடையாளம், தாழ்ந்த கூரை, தாழ்ந்த வாசல். அதற்கு ‘மனித அளவு’ என்று பெயர் வைத்து, வெளிநாட்டில்கூடப் பேசிவிட்டு வந்தார். மனிதனை மிரட்டாத கட்டிடமாம். கிரகப்பிரவேசத்தன்று விருத்தகிரி வீட்டுக்குள் காலை வைத்ததும் அவருக்கு அந்த ஞானம் பிறந்ததாம். பிறக்காமல் என்ன? அன்று தலை தட்டாமல் உள்ளே போனவர் அவர் ஒருவர்தான்.

2007இல் கம்பெனிக்கு வெள்ளி விழா. வரலாற்றைப் புத்தகமாகப் போட கயல்விழி என்று ஒரு பெண்ணை அனுப்பினார்கள். நிலையில் குனிந்து உள்ளே போனவள் அப்படியே உருகிவிட்டாள்.

“இந்த வாசல் நம்மளப் பணிய வைக்குது, இல்லீங்களா?”

“பணியாட்டி மண்ட ஒடையும்மா” என்றாள் விருத்தகிரியின் மனைவி சாவித்திரி.

அந்தப் பெண் ‘பணிவு’ என்று எழுதி அடியில் கோடு போட்டாள். வீட்டை ஒரு செங்கல்கூட மாற்றாமல் வைத்திருக்க வேண்டும், வாசலில் கிரானைட் கல் பதிக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை ராஜமாணிக்கமே வந்து திறந்து வைப்பார் என்றாள். அன்று சாயங்காலம் போன் வந்தது. “டேய் கிரி!” என்ற ஒற்றைச் சொல்லுக்கு விருத்தகிரி நெய்யாக உருகி, எல்லாவற்றுக்கும் சரியென்றுவிட்டார்.

சாவித்திரி மட்டும் சரியென்று சொல்லவில்லை. காரணம் இருக்கிறது.

இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் திட்டக்குடி ஆதிநாராயணன், தன் மகள் கவிப்ரியாவைக் கோகுலகிருஷ்ணனுக்குக் கொடுக்க வந்து தட்டு மாற்றிக்கொண்டார். கிளம்பும்போது நிலையில் ‘ணங்’கென்று இடித்துக்கொண்டார். போகும்போது தலை தட்டினால் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போக வேண்டும் அல்லவா? உட்கார்ந்தார், குடித்தார், எழுந்தார். அதே இடத்தில் மறுபடி ‘ணங்’. மூன்றாவது சொம்புக்கு அவர் காத்திருக்கவில்லை. தோட்டத்து வழியாகப் போய்விட்டார். மறுநாள் போன்.

“சகுனம் ரெண்டு வாட்டி சொல்லிடுச்சிங்க. மொதல்ல வூட்ட சரி பண்ணுங்க. அப்பறமா தேதி குறிச்சிக்கலாம்.”

அன்றே சாவித்திரி முடிவு கட்டிவிட்டாள். வீட்டை இடிக்கக் கம்மாபுரத்து ஜே.சி.பி.யை வருகிற திங்கட்கிழமை வரச் சொல்லியாகிவிட்டது. பாதிச் சாமான் வாடகை வீட்டுக்குப் போயாகிவிட்டது. இப்போது அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, கல் என்கிறார்கள். கல்லைப் பதித்துவிட்டால் வீட்டை எப்படி இடிப்பது? வீட்டை இடிக்காவிட்டால் கல்யாணம் எப்படி நடப்பது?

அன்று நடந்த சண்டையை நான் ஒட்டுக் கேட்கவில்லை. எங்கள் ஜன்னல் அந்தப் பக்கம் இருக்கிறது, அவ்வளவுதான்.

“வாக்கு குடுத்துட்டேன் சாவித்திரி.”

“யாருக்கு? அஞ்சடி ரெண்டு அங்குலத்துக்கு! ஆறடியில ஒரு புள்ளய வெச்சிருக்கியே, அவனுக்கு யாரு வாக்கு குடுக்கறது?”

கோபத்தில் பரணைக் காலி செய்யப் போனாள். மூலையில் ஒரு பொம்மை வீடு கிடைத்தது. ராஜமாணிக்கம் அந்தக் காலத்தில் களிமண்ணில் செய்து, எங்கள் ஊர்ச் செராமிக் சூளையில் சுட்டு, இந்த வீட்டுக்கு மாதிரியாகக் கொடுத்தது. பக்கத்திலேயே சுருட்டி வைத்த பழைய நீல வரைபடம். இரண்டையும் துடைத்து வைத்துக்கொண்டு, வீட்டைக் கட்டிய சுப்புராயன் மேஸ்திரிக்கு ஆள் அனுப்பினாள். மேஸ்திரி வந்தார், பேசினார், போனார். எவ்வளவு எட்டிப் பார்த்தும் என்ன பேசினார்கள் என்று காதில் விழவில்லை. ஆனால் அதன்பிறகு சாவித்திரி ஒரு வார்த்தை சண்டை போடவில்லை என்பதைக் கவனித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தெருவே கூடிவிட்டது. மஞ்சள் துணி போர்த்திய கல் வாசலில் சாய்ந்திருந்தது. ராஜமாணிக்கம் மைக்கைப் பிடித்து, “இந்த வாசலோட அளவுக்காக நான் மூணு மாசம் தவம் இருந்தேன்” என்றார். கை தட்டினோம்.

தட்டி முடிப்பதற்குள் சாவித்திரி அந்த நீல வரைபடத்தை அவர் முன்னால் விரித்தாள். “அண்ணே, நெலைக்கு எத்தினி அடி போட்டிருக்கீங்க? கொஞ்சம் படிங்க.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். “ஏழு...” என்றவர் நிறுத்திவிட்டார்.

சுப்புராயன் நிலையில் டேப்பைப் பிடித்தார். “ஆறடிக்கு அரை அங்குலம் கம்மிங்க.”

“ஏன் மேஸ்திரி, படத்தப் பாத்துத்தான கட்டினீங்க?” என்றாள் சாவித்திரி.

“படம் இங்கிலீஷுல இருந்துச்சி, நமக்கெதுக்கு அது? இந்தப் பொம்ம வூடு தெளிவா இருந்துச்சி. அரை அங்குலம்னா ஓரடின்னு ஐயா சொல்லிட்டுப் போனாரு. ஸ்கேல வெச்சி அளந்தேன், அப்பிடியே கட்டினேன். ஒரு நூலு பெசகல!” என்றார் மேஸ்திரி பெருமையாக.

அப்போது கூட்டத்தில், பதினைந்து வருஷமாகச் செராமிக் யூனிட்டில் வேலை பார்க்கும் அம்புஜவல்லி வாயைத் திறந்தாள். “சுட்ட மண்ணுலயா அளந்த? யோவ் மேஸ்திரி, சூளைக்குப் போனா ஏழுல ஒரு பங்கு சுருங்கிப்புடுமே! மண்ணோட சேத்து வூட்டையும் சுட்டுப்புட்டியே!”

தெரு சிரித்த சிரிப்பில் மைக் கீழே விழுந்தது. ஆறு அங்குலப் பொம்மைக்கு ஏழு அங்குல அச்சு என்பது பொம்மை சுடும் எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போகாதவருக்கும் தெரியும். எட்டு மாடி ஆபீஸில் ஒருவருக்கும் தெரியவில்லை.

“சார், அப்ப மனித அளவு?” என்றாள் கயல்விழி, பேனாவைத் திறந்தபடி.

ராஜமாணிக்கம் சும்மா பெரிய ஆள் ஆகிவிடவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார். “நான் ஏழடின்னு நெனச்சேன். மண்ணு ஆறடி போதும்னு முடிவு பண்ணுச்சு. எழுதிக்கம்மா.”

சாவித்திரி அதற்காகத்தான் காத்திருந்தாள் போலும். “பெருமையெல்லாம் மண்ணுக்குத்தானண்ணே? அப்ப மண்ண நீங்க எடுத்துக்குங்க. வூட்ட எங்களுக்கு வுட்டுடுங்க.” பொம்மை வீட்டை அவர் கையில் வைத்துவிட்டாள். போட்டோகிராபர் பட்டென்று ஒரு படம் எடுத்தார். வாங்கியதைத் திருப்பித் தர முடியாமல், ராஜமாணிக்கம் சிரித்துத் தலையாட்டினார். அதைப் பார்த்த பிறகுதான் விருத்தகிரிக்கு மூச்சு வந்தது.

திங்கட்கிழமை ஜே.சி.பி. வந்தது. திறப்பு விழா காணாத அந்தக் கல் இப்போது சாவித்திரி வீட்டுக் கிணற்றடியில், எழுத்து கீழே போகக் குப்புறக் கிடக்கிறது. துணி துவைக்க அதைவிட நல்ல கல் எங்கள் தெருவில் இல்லை.

தை மாதம் புது வீட்டில் கல்யாணப் பந்தல். வாசல் நிலை எட்டடி. ஆதிநாராயணன் நெஞ்சை நிமிர்த்தி உள்ளே போனார், நிமிர்த்தியபடியே வெளியே வந்தார். தண்ணீர்ச் சொம்புக்கு வேலையில்லை.

ராஜமாணிக்கமும் வந்திருந்தார். கையில் வெள்ளி விழாப் புத்தகம். அட்டையில் அந்தப் பொம்மை வீடு. வாசலில் கயல்விழி கேமராவோடு நிற்பதைப் பார்த்தார். எட்டடி நிலை, ஐந்தடி இரண்டு அங்குல மனிதர். நன்றாகத் தலையைக் குனிந்து உள்ளே போனார்.