ஏரிக்கரையில் விட்டுப்போன புள்ளி

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. கம்ப்யூட்டர் வரைபடத்தின் நன்மைகள் பற்றி ஒரு பத்திரிகை என்னிடம் கட்டுரை கேட்டது. எங்கே கிணறு வெட்டலாம், எந்த வழியாக ரோடு போடலாம் என்று சமர்த்தாக எழுதிக்கொண்டு வந்தேன். மூன்றாவது நன்மை: ஏரி உடைந்தால் தண்ணீர் எந்தத் தெருவுக்குள் போகும் என்று முன்கூட்டியே காட்டும். அந்த வரியில் கஸ்தூரி வந்து உட்கார்ந்துவிட்டாள்.

2
1988, ஐப்பசி. உத்திரமேரூரில் ஒரு வாடகை அறை.

(சித்திரை என்று மாற்றிப் பார்த்தேன். ஏரி காய்ந்து கிடக்கும், யாருக்கும் ஆபத்தில்லை. திரும்பப் படித்தபோது மழை பெய்துகொண்டிருந்தது.)

பழைய கிராம வரைபடங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது கஸ்தூரியின் வேலை. ஓர் ஏரியைச் சுற்றிக் கரைக்கோடு போட்டு, உள்ளே நீலம் நிரப்பினாள். (ஏரியின் பேரைச் சொல்லமாட்டேன். அந்த ஊர்க்காரர்களும் பத்திரிகை படிப்பார்கள்.) நீலம் உள்ளே நிற்கவில்லை. கரைக்கோட்டில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. அதன் வழியே வழிந்து கீழ்த்தெருவை மூடியது. அந்தத் தெருவில்தான் அவள் அக்கா மலர்க்கொடி கைக்குழந்தையோடு இருக்கிறாள்.

"மெஷின் கோளாறும்மா. புள்ளிய வெச்சி மூடு," என்றார் மேலதிகாரி வேதகிரி.

மூடினாள். மறுநாள் காலை அதே இடம் திறந்திருந்தது. அதற்கு மறுநாளும்.

3
பெருநகர் என்ற ஊருக்குப் போகும் பஸ்ஸைப் பிடித்து, வழியில் அக்காவின் ஊரில் இறங்கினாள். முதலில் ஏரிக்கரையில் ஏறி அந்த இடத்தைத் தேடினாள். கரை உறுதியாகத்தான் இருந்தது. குனிந்து காதை வைத்தாள். மண்ணுக்குள் யாரோ மெதுவாகத் தண்ணீர் குடிக்கிற சத்தம்.

அக்கா வீட்டுக்கு ஓடினாள்.

"யக்கா, கொயந்தயத் தூக்கிக்கினு எங்கூட வா. கரை ஒடையப் போவுது."

"யார்டி சொன்னா?"

"கம்ப்யூட்டர்ல தெரியுது."

மலர்க்கொடி சிரித்தாள். "பொட்டில தெரியற தண்ணி என் வூட்டுக்கு வருமா? கரை கல்லாட்டம் கீது."

கஸ்தூரி அழுதுவிட்டாள். எழுதுகிற எனக்கும் பயமாக இருந்தது.

4
முடிவு ஒன்று: அக்கா கிளம்புகிறாள். மூன்றாவது நன்மை நிரூபணமாகிறது. பத்திரிகைக்கு இதுதான் பிடிக்கும்.

முடிவு இரண்டு: மலர்க்கொடி தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தபோது வாசலில்... (மாட்டேன்.)

முடிவு மூன்று: 'கரை உடையவில்லை' என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போனேன். வந்து பார்த்தால் அந்த வரி மட்டும் நீலமாகக் கரைந்திருந்தது. நான் எழுதுவது கறுப்பு மையில். கூரையும் ஒழுகவில்லை.

அதனால் முதல் முடிவுக்கே திரும்பினேன். தங்கையின் அழுகை தாங்காமல் மலர்க்கொடி ஒப்புக்கொண்டுவிட்டாள்.

"சரி, வரேன். ஒலையில அரிசி போட்டுக்கீறேன். வடிச்சிட்டு வந்துடறேன், இரு."

இதற்கு மேல் என் பேனா நகரவில்லை. சோறு வேக எவ்வளவு நேரமாகும் என்று உங்களுக்கே தெரியும். அடுப்பை அணைக்க என்னால் முடியவில்லை. நீங்களாவது அணைத்துவிடுங்கள்.