குடை என்றால் போர்வை

மறுபடியும் போர்வையை இழுத்து அவர் மார்புவரை மூடினாள். மூடி முடிப்பதற்குள் இடது கை அதைப் பிடித்துக் கீழே தள்ளியது. வலது கை அசையாமல் போனபிறகு, அவரிடம் மிச்சமிருந்த பிடிவாதம் முழுவதும் இடது கைக்கு வந்து சேர்ந்திருந்தது.

"குடை," என்றார்.

"போத்தித்தானே விட்டேன்? தள்ளிவிட்டது யாரு?"

"குடை."

கதவோரம் நின்ற மகள், "குளிருதோ என்னவோம்மா. இன்னொரு குடை எடுத்துட்டு வரவா?" என்றாள். சொன்னபிறகுதான் அவளுக்கே உறைத்தது. அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்து, வந்த வேகத்தில் போனது. அந்த வீட்டில் இப்போது எல்லாருமே இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பக்கவாதம் வந்த நாளிலிருந்து அவர் வாயில் சொற்கள் இடம் மாறிப் போயிருந்தன. குழறல் ஏதும் இல்லை. ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாக விழும். ஆனால் தண்ணீர் கேட்க நினைத்தால் 'ஜன்னல்' என்று வரும். மாத்திரைக்குச் 'சாவி'. மகள் 'பூனை', மருமகன் 'தாழ்ப்பாள்'. கட்டிலுக்கு அடியில் இருந்த பாத்திரத்தின் பெயர் 'மேனேஜர்'. மருமகன் நிஜமாகவே வங்கியில் மேனேஜர். முதல்முறை கேட்டபோது மருமகன் முகம் சுருங்கிப் போயிற்று. பிறகு அவரே, "மாமா மேனேஜரைக் கேக்கறார், சீக்கிரம் வாங்க," என்று குரல் கொடுக்கும் அளவுக்குத் தேறிவிட்டார்.

'குடை'க்குப் பொருள் பிடிபடத்தான் நாளாயிற்று. ஒரு மாலை அவர் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். வெளியே காற்று அடித்தது. மகள் ஒரு போர்வையை எடுத்து வந்து போத்தினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அன்றோடு முடிவாயிற்று, குடை என்றால் போர்வை. அதன்பிறகு போத்தும்போதெல்லாம் அவர் அதைத் தள்ளிவிட்டதை, உடம்பு முடியாதவரின் வீம்பு என்று எடுத்துக்கொண்டார்கள்.

எல்லாருக்கும் ஒரு சொல் கிடைத்திருந்தது. அவர் மனைவியான அவளுக்கு மட்டும் இல்லை.

முன்பும் அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லைதான். 'இந்தா' என்பார், 'உன்னைத்தான்' என்பார். அவள் திரும்புவாள். இப்போது அந்த இரண்டும்கூடப் போய்விட்டன. அவள் முகத்தை நேராகப் பார்த்துப் போர்வை கேட்பதோடு சரி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள் அவள். ஒரு வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரின் பெயரும் அவளுக்கு மனப்பாடமாக இருக்கும். அவர் வாயில் தனக்கு ஒரு பெயர் இல்லாமல் போனது இந்த வயதில் இப்படிக் குடையும் என்று அவள் நினைத்ததில்லை. நேற்று மாலை வந்த டாக்டர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, இனி மருந்து எதையும் மாற்றவேண்டாம், கூடவே இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போதிருந்து அவள் மனத்தில் ஒன்றே ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. போவதற்குள் ஒரு தடவை எதையாவது சொல்லி அவளைக் கூப்பிட்டுவிடட்டும். செருப்பு என்று கூப்பிட்டாலும் பரவாயில்லை.

காலையில் ஒரு ஃபோன் வந்தது. பொம்மைக்கடையிலிருந்து. சார் ஆர்டர் கொடுத்த சாமான் தயாராக இருக்கிறது, எப்போது வந்து எடுத்துக்கொள்கிறார் என்று ஒரு பெண்குரல் கேட்டது. ஸ்பீக்கரில் அதைக் கேட்டதும் கட்டிலில் கிடந்தவர் கழுத்தைத் தூக்கப் பார்த்தார். "குடை, குடை," என்று மூச்சு வாங்கினார். மகள் ஓடிப்போய்ப் போத்தினாள்.

அப்பா இருக்கிற நிலைமையில் பொம்மைச் சாமான் எதற்கு, வேண்டாமென்று சொல்லிவிடலாம் என்றாள் மகள். அம்மாவோ கொடியில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தானே போய் வருவதாகச் சொன்னாள். மகள் ஆச்சரியமாகப் பார்த்தாள். அம்மா அந்தக் கடைக்குள் கால் வைக்கமாட்டாள் என்பது ஊருக்கே தெரியும்.

அவர் வேலை பல் மருத்துவர்களுக்குப் பல் செட் செய்து கொடுப்பது. தெருவில் யாராவது சிரித்தால் முகத்தைப் பார்க்கமாட்டார், பல்லைத்தான் பார்ப்பார். வேலை முடிந்து வந்ததும் பின்னறையில் பெரிய மேசையின் முன் உட்கார்ந்துவிடுவார். மேசை முழுக்க ஒரு குட்டி ஊர். வீடுகள், மரங்கள், சுற்றிவர ஒரு ரயில். தீப்பெட்டி அளவு வீட்டுக்கு ஓடு வேய அவருக்கு ஒரு வாரம் வேண்டும். அந்த ஊருக்கு வேண்டிய சாமான் எல்லாம் அந்தக் கடையில்தான். அவர் உள்ளே போய்விட்டால் நேரம் போவது தெரியாது. அவள் வெளியே நடைபாதை பெஞ்சில், வெயிலானாலும் மழையானாலும் குடையைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள். ஐம்பதைத் தாண்டிய ஆம்பிளைக்குப் பொம்மைக்கடையில் என்ன வேலை என்று வருகிறவர் போகிறவரிடம் புலம்புவாள். அவர் பையோடு வெளியே வந்ததும், "இந்தா, போலாமா?" என்பார். அவ்வளவுதான்.

பஸ்ஸை விட்டு இறங்கியபோது தூறல் போட்டது. குடையை விரித்தாள். பழைய கத்தரிப்பூ நிறக் குடை. கால்கள் பழக்கதோஷத்தில் நேராகப் பெஞ்சுக்குப் போயின. உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்து கடைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்தது. ஒரு தகப்பன் தோளில் பிள்ளையும் கையில் பட்டமுமாக வந்தான். மறுபடி திறந்தது. யாரோ இரண்டு பையன்கள். அடுத்த தடவை திறந்தபோதுதான், எழுந்து போகவேண்டியது தான்தான் என்பது உறைத்தது.

உள்ளே நுழைந்ததும் பெயிண்டும் அட்டைப்பெட்டியும் கலந்த ஒரு வாசனை. அவர் சட்டையைத் துவைக்கும்போதெல்லாம் அடித்த அதே வாசனை. மூன்று மாடிக் கட்டடம். கீழே கரடி பொம்மைகளும் பந்துகளும் கூரைவரை அடுக்கியிருந்தன. கூரையிலிருந்து விமானங்கள் நூலில் தொங்கின. அவற்றுக்கு நடுவே ஒரு ரயில் தலைக்குமேல் யாரையும் கேட்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. நரைத்த தலை ஆண்கள் இரண்டு பேர் ஒரு பித்தளைச் சக்கரத்தை விளக்குக்கு நேரே பிடித்து, பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பேசினார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. இந்தக் கூட்டத்தில் ஒருவராகத்தான் அவரும் நின்றிருப்பார்.

சீருடை போட்ட பெண் ஒருத்தி அருகில் வந்தாள்.

"எந்த வயசுக் குழந்தைக்குப் பாக்கறீங்கம்மா?"

கல்யாணமான புதிதில், வயிற்றில் தங்கியது தங்காமல் போய் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம், மனசு மாறட்டும் என்று அவர் அவளை இங்கேதான் முதல்முறை கூட்டிவந்தார். அன்றும் யாரோ ஒரு பெண் இதே இடத்தில் இதே கேள்வியைக் கேட்டாள். அவள் பதில் சொல்லாமல் வெளியே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள். பிறகு மகள் பிறந்தாள், வளர்ந்தாள், அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவர் உள்ளே போனார். பெஞ்சு அவளுக்கென்றே ஆகிவிட்டது. ஏன் என்று அவள் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை.

"எழுபத்திரெண்டு," என்றாள் அவள்.

பெண் விழித்தாள். அதற்குள் கல்லாவிலிருந்து கடைக்காரம்மா எழுந்து வந்தாள். கண்ணாடி கயிற்றில் தொங்கி மார்பில் ஆடியது. பார்வை அவள் முகத்தில் இல்லை, கையில் நீர் சொட்டிய குடைமேல் இருந்தது.

"நீங்க... உள்ள வந்துட்டீங்களா?"

"என்னைத் தெரியுமா?"

"குடையைத் தெரியாதா எங்களுக்கு?" என்றவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. சார் வெச்ச பேரு. 'சீக்கிரம் பில்லைப் போடு, வெளிய குடை காத்திருக்கு'ம்பார். 'குடை இன்னிக்குச் சூடா இருக்கு, பின்பக்கமா போயிடவா'ம்பார். நாங்களும் அப்படியே பழகிட்டோம்."

அவள் கண்ணாடிப் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே வரிசையாக நின்ற குட்டிக் கார்கள் லேசாக ஆடின.

"எத்தனை வருஷமா?"

"எங்கப்பா கல்லாவுல இருந்த காலத்துலேர்ந்தே. ஒரு தடவை நான்கூடச் சொன்னேன், உள்ள கூப்பிடுங்களேன் சார், ஃபேனுக்கடியில உக்காரட்டும்னு. 'குடை உள்ள வராதும்மா. ஏன்னு கேட்டா அழுதுடும். அதான் நான் கேக்கறதில்ல'ன்னார்."

பிறகு கடைக்காரம்மா சார் எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். அவள் சொன்னாள். கடைக்காரம்மா உள்ளே போய் மாத்திரை டப்பா போன்ற ஒன்றைக் கொண்டுவந்து திறந்தாள். பஞ்சின்மேல் விரல்நகம் அளவுக்கு ஒரு குடை. விரித்த குடை. கத்தரிப்பூ நிறம்.

மடித்த குடை எங்கும் கிடைத்தது, விரித்த குடைக்குத்தான் இவ்வளவு நாள் ஆயிற்று என்றாள் கடைக்காரம்மா. வந்தது கறுப்பு. நிறம் அவளே அடித்தாளாம். அதற்காக அவர் ஒரு துணித் துண்டும் கொடுத்திருந்தார். டப்பாவின் மூடியில் அதை ஒட்டி வைத்திருந்தாள். இவள் தன் குடையைத் திருப்பிப் பார்த்தாள். சுற்றிக் கட்டும் பட்டையின் நுனி காணாமல் போய் நாளாகிறது. குடை ரிப்பேர் செய்தவனை அதற்காக அவள் திட்டாத திட்டில்லை.

"பெஞ்சுல உக்காந்திருக்கற அம்மா கையில ஒட்டணும்னார்," என்ற கடைக்காரம்மா ஒரு சின்னப் பசைக் குப்பியையும் டப்பாவோடு வைத்தாள். "பசை வெச்சதும் கையை எடுத்துடாதீங்க. காயறவரைக்கும் பிடிச்சிட்டே இருக்கணும். நடுவுல விட்டா சாஞ்சிடும்."

வீட்டுக்குத் திரும்பும்போது மழை வலுத்திருந்தது. குடையை வாசலில் மடக்கிப் போட்டுவிட்டு நேராக அவர் கட்டில் கிடந்த பின்னறைக்குப் போனாள். அவர் மூச்சு முன்னைவிட விட்டுவிட்டு வந்தது. காலடி கேட்டுக் கண்ணைத் திறந்தார்.

"குடை."

மகள் போர்வையோடு எழுந்தாள்.

"வேணாம் விடு," என்றாள் அவள். "போர்வை கேக்கல."

"பின்ன?"

"என்னைக் கூப்பிடறார்."

கட்டிலருகே போய்க் குனிந்தாள். "வந்துட்டேன். இங்கதான் இருக்கேன்," என்றாள். அந்த இடது கை எழுந்து எதையும் தள்ளாமல், அவள் மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டது. மகள் போர்வையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். போத்திய நாட்களை எல்லாம் நினைத்துக்கொண்டாளோ என்னவோ, காபி போடுவதாகச் சொல்லி வெளியே போனவள் வெகுநேரம் வரவில்லை.

பிடி தானாகத் தளர்ந்தபிறகு அவள் மேசைக்குப் போனாள். தினமும் தூசி தட்டிய ஊர். ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. தபால்பெட்டியைத் தாண்டி, தெருமுனையில் மூன்று மாடிக் கட்டடம் நின்றது. அதன் ஜன்னலில் கடுகளவு கரடிகூட இருந்தது. எதிரே ஒரு பெஞ்சு. பெஞ்சில் ஒரு பெண். ஒரு கையை உயர்த்தியிருந்தாள். தூசி தட்டும்போது கண்ணில் பட்டதை வைத்து, பஸ்ஸை நிறுத்துகிறாள் என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

பல் செட் வேலைக்கு அவர் வைத்திருந்த இடுக்கி மேசை ஓரத்திலேயே கிடந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குண்டூசி முனையில் பசை தொட்டு, உயர்த்திய அந்தக் கையில் வைத்தாள். குடையை இடுக்கியால் எடுத்து மெதுவாகப் பொருத்தினாள். பிடித்துக்கொண்டே, முதுகுப்பக்கம் இருந்தவரிடம் பேசினாள்.

"உள்ள போனேன். நல்லாத்தான் இருக்கு. உங்களை மாதிரியே ரெண்டு பேரு ஒரு சக்கரத்தை வெச்சிக்கிட்டு நின்னாங்க."

பின்னால் மூச்சு வந்தது, போனது.

"ஒரு பொண்ணு வந்து, எந்த வயசுக் குழந்தைக்குன்னு கேட்டுச்சு. எழுபத்திரெண்டுன்னு சொன்னேன்."

தொண்டையிலிருந்து ஒரு சின்னச் சத்தம். சிரிப்பு என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் சாஞ்ச மாதிரி இருக்கோ? நான் எப்பவும் இப்படித்தானே பிடிப்பேன்?"

மழை மட்டும் கேட்டது.

மகள் காபியோடு உள்ளே வருவது தெரிந்தது. டம்ளரை வைத்தாள். "கால் சில்லுனு இருக்கும்மா," என்றாள். போர்வையை உதறும் ஓசை. அது அவர்மேல் விழுந்த ஓசை. அவள் இடுக்கியை அசைக்காமல் காத்திருந்தாள், போர்வை கீழே தள்ளப்படும் சத்தத்துக்காக.

அது வரவில்லை.

"அம்மா," என்றாள் மகள். சற்றுப் பொறுத்து, வேறு குரலில், "அம்மா, இங்க வாயேன்."

"இரு," என்றாள் அவள். "இன்னும் காயல."

விரிந்த அந்தக் கத்தரிப்பூக் குடையை அவள் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். எதிரே அந்தச் சின்னக் கடையின் கதவை, யாரோ வெளியே வரப்போவதுபோல, பாதி திறந்தபடி செய்து வைத்திருந்தார் அவர்.