இத்தா வீட்டில் ஒரு தொண்டை

ஸஹ்னா பேசினால் தெருமுனைக் கடைக்குக் கேட்கும். கத்தினால் கடல்நீர்க் களப்புக்கு அந்தப் பக்கமும் கேட்கும் என்று கற்பிட்டியில் பகிடிக்குச் சொல்வார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு இத்தனை பெரிய தொண்டை எங்கிருந்து வந்ததோ, யாருக்கும் தெரியாது. அவளுடைய உம்மா ரம்ஸியா கதவைக்கூடச் சத்தம் வராமல் சாத்துகிறவள். வாப்பா நளீர் கடலுக்குப் போய் வந்தால் சாப்பிடுவார், தூங்குவார், அவ்வளவுதான். இந்த இரண்டு பேருக்கும் வந்து பிறந்தது இது.

"மெல்லக் கதை, புள்ள" என்று கேட்டுக் கேட்டே அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. ருஷ்தா சாச்சி இத்தா இருக்க அவர்கள் வீட்டுக்கு வந்த பிறகு அது நாளுக்கு நூறு தடவை ஆனது.

சாச்சி உம்மாவின் தங்கை. அவளுடைய மாப்பிள்ளை இஸ்ஹாக் உப்பு லொறி ஓட்டியவர். பாலாவிச் சந்தியில் நடந்த விபத்தில் மௌத்தாகிவிட்டார். மாப்பிள்ளையைப் பறிகொடுத்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும், அதுதான் இத்தா. அந்நிய ஆண்கள் கண்ணில் படக் கூடாது. ஆண் யாராவது வந்தால் முன்னாலேயே குரல் கொடுக்க வீட்டில் ஓர் ஆள் வேண்டும். பள்ளிக்கூடம் விடுமுறை என்பதால் அந்த வேலை ஸஹ்னாவின் தலையில் விழுந்தது.

"மீன்காரர் வாறாரு! சாச்சி, உள்ள போங்க!"

அந்தச் சத்தத்தில் தெருவில் இருந்த எல்லாப் பெண்களும் உள்ளே போனார்கள். மீன்காரர் வெட்கப்பட்டு இரண்டு வீடு தள்ளியே சைக்கிளை நிறுத்தப் பழகிக்கொண்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவள் புதிதாக ஒன்றைக் கத்தினாள்.

"சாச்சி! ஆம்புள ஒண்டு வருது! தாடியும் இரிக்கி!"

முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த சாச்சி எல்லாவற்றையும் போட்டுவிட்டு அறைக்குள் ஓடினாள். கொஞ்ச நேரம் பொறுத்து ஜன்னல் சீலையை விலக்கிப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக் கிடாய் ஆடு முருங்கைக் கொப்பை மேய்ந்துகொண்டு நின்றது. சாச்சி சிரித்தாள். நாற்பது நாளாகச் சிரிக்காதவள், சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு வேலி தாண்டி அக்கீலா மாமியின் காதில் விழுந்ததுதான் வினை. பக்கத்து வீட்டு மாமிக்குத் தன் வீட்டில் சோறு கரிந்தால் தெரியாது, அடுத்த வீட்டில் ஊசி விழுந்தால் தெரியும். முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

"இத்தா ஊட்டுல சிரிப்பா, ரம்ஸியா? எல்லாம் இவட வாயாலதான். வெள்ளிக்கெழம இவள பாலாவிக்கி, பெரியும்மா ஊட்டுக்கு அனுப்பு. இத்தா முடிய வரட்டும்."

"சிரிச்சது சாச்சி. என்ன ஏன் அனுப்பணும்?" என்றாள் ஸஹ்னா.

"பாத்தியா, எதுத்துக் கதைக்கிறத!"

உம்மாவுக்கு ஊர்க்கதை என்றால் நடுக்கம். மாமி போனதும் மகளைப் பிடித்து நிறுத்தினாள். "வெள்ளிக்கெழம வரைக்கும் வாயப் பொத்திக்கிட்டு இரி. இரிந்தா அனுப்பமாட்டேன்."

"இது அல்லாஹ் தந்த தொண்ட, உம்மா. நானா கேட்டு வாங்கினேன்?"

ஸஹ்னாவுக்குப் பாலாவியைப் பற்றிப் பயமில்லை. லொறியும் பஸ்ஸும் இரைகிற அந்த ஊரில் அவள் சத்தத்தை யார் கணக்கெடுக்கப் போகிறார்கள்? ஆனால் அவள் போய்விட்டால் சாச்சியைச் சுற்றிப் பெருமூச்சு விடுகிறவர்கள் மட்டும்தான் மிஞ்சுவார்கள். அதற்காகவே வாயைப் பொத்தினாள்.

அன்று முழுக்கக் குசுகுசுத்தாள். சோறு வேண்டும் என்பதைக் கையால் காட்டினாள். சாச்சி நெற்றியைத் தொட்டுக் காய்ச்சலா என்று பார்த்தாள்.

புதன்கிழமை கரண்ட் பில் எழுதுகிறவர் வந்தார். ஸஹ்னா வாசல் கேட்டடியில்தான் நின்றாள். கத்தவா, வேண்டாமா என்று அவள் விழுங்கிக்கொண்டு நிற்கையிலேயே மனிதர் முற்றத்துக்கு வந்துவிட்டார். கிணற்றடியில் நின்ற சாச்சி நனைந்த முக்காட்டோடு ஓடி, படியில் கால் தடக்கி விழுந்தாள். பெருவிரல் நகம் பெயர்ந்து இரத்தம் வந்தது.

"ஏன்டி கத்தல்ல?" சாச்சி கோபத்தில் அழுதாள்.

"கத்தினா பாலாவிக்கி அனுப்புவாங்களாம்."

"நாப்பது நாளா எல்லாரும் எனக்கிக் காதுக்குள்ளதான் கதைக்கிறாங்க. நானும் மௌத்தாப் போயிட்ட மாதிரி. இப்ப நீயுமா?"

ஸஹ்னாவுக்குச் சுருக்கென்றது. அந்த இரத்தத்தைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம் பொங்கியது. நேரே குசினிக்குப் போனாள்.

"உம்மா, நான் இப்பிடித்தான்!" சட்டி பானையெல்லாம் அதிர்ந்தது. "அனுப்புறதெண்டா அனுப்புங்க. அங்கயும் இந்தத் தொண்டயோடதான் போவேன். கழட்டி வச்சிட்டுப் போக ஏலா!"

ரம்ஸியா கையில் அகப்பையோடு அப்படியே நின்றாள்.

வியாழக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஸஹ்னா சாச்சியின் அறையில் படுத்துக்கிடந்தாள். வாய் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது: சிலாபத்து மீன் சந்தையில் ஒருமுறை தொலைந்துபோனது, கத்திய கத்தில் வாப்பா தன்னைக் கண்டுபிடித்தது. அப்போது தெருவில் ஒரு லொறி போனது.

"அவரு வளைவுல திரும்பக்குள்ள ரெண்டு தரம் ஹோன் அடிப்பாரு" என்றாள் சாச்சி.

ஸஹ்னாவின் கதை பாதியில் நின்றது. இஸ்ஹாக் சாச்சா மௌத்தான நாளிலிருந்து சாச்சி அவரைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. ரெண்டு தரம் இல்லை, மூன்று தரம் என்று ஸஹ்னாவுக்கு நன்றாகத் தெரியும். மூன்றாவது அவளுக்காக அடிப்பது. சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சாச்சியின் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு இன்னும் பேச இருந்தது. ஸஹ்னா வாயை மூடிக்கொண்டாள்.

சாச்சி பேசினாள். அவர் தேநீருக்கு நாலு கரண்டி சீனி போடுவதை, அன்று காலை ஏதோ சின்னக் கோபத்தில் தான் அவருக்கு முகம் கொடுக்காமல் அனுப்பிவிட்டதை, அதை யாரிடமும் சொல்ல முடியாமல் கிடந்ததை. ஸஹ்னாவுக்குத் தொண்டை நோகிற அளவுக்குக் கதை முட்டியது. ஒன்றையும் வெளியே விடவில்லை. யாரும் அவளை அடக்கவில்லை, அவளாகவே அடக்கினாள். கத்துவதைவிட இது பெரிய வேலையாக இருந்தது. கடைசியில் சாச்சி அழுது முடித்து, அவள் கையைப் பிடித்தபடியே தூங்கிப்போனாள். இத்தாவுக்கு வந்ததிலிருந்து அவள் இப்படித் தூங்கி யாரும் பார்த்ததில்லை.

அந்த நேரம் பார்த்து கேட்டடியில் அக்கீலா மாமியின் ஸலாம் கேட்டது. பின்னால் இரண்டு பெண்கள், துக்கம் விசாரிக்க.

ஸஹ்னா கையை மெல்ல உருவிக்கொண்டு ஓடினாள். கேட்டின் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சாச்சி தூங்குறா. நாளைக்கி வாங்க" என்றாள், மூச்சுக்காற்றில்.

"என்னாது? இவட திமிரப் பாருங்களேன்! பெரிய மனுசர வாசல்ல மறிக்கிறா! ரம்ஸியா! ஏய், ரம்ஸியா!"

"மெல்லக் கதைங்க, மாமி. இது இத்தா ஊடு."

பின்னால் நின்றவர்களில் ஒருத்தி முக்காட்டுக்குள் சிரித்துவிட்டாள். மாமியின் முகம் சிவந்தது. உம்மா வந்து நின்றாள்.

"நாளைக்கி வெள்ளிக்கெழம, ரம்ஸியா. இவள அனுப்புறியா, இல்லயா?"

உம்மா ஜன்னல் பக்கம் திரும்பி உறங்குகிற தங்கையைப் பார்த்தாள். அவள் கை சேலைத் தலைப்பைத் திருகியது. ஆனாலும் சொன்னாள்.

"இல்ல மாமி. இவ இங்கதான் இரிப்பா."

மாமிக்கு அதை விழுங்க முடியவில்லை. போகத் திரும்பியவள் ஸஹ்னாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"பெரிய அடக்கந்தான். எத்தின நாளைக்கி இது?"

"சாச்சி எழும்பும் மட்டும்" என்றாள் ஸஹ்னா, அதே மெல்லிய குரலில். "பொறகு கத்துவேன்."