கடைசி அடுக்கு

ஹெட்போனை மகளின் தலையில் அப்பாவே மாட்டிவிட்டார். அது ஒரு காதை விட்டு விலகி நின்றது. அவள் சரிசெய்துகொண்டாள்.

காலையில்தான் அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தார்கள். கூடத்தில் சித்தப்பா வருகிறவர்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார். அப்பா யாருக்கும் முகம் கொடுக்கவில்லை. ஒரு வாய் சாப்பிடவும் இல்லை. மகளை மட்டும் அவர் பதிவு செய்யும் பின்னறைக்கு அழைத்துவந்து கதவைச் சாத்தினார்.

"பதிவுல ஒரு எடத்துல என்னமோ இருக்கற மாதிரி தோணுது. என் காதுக்குப் பிடிபடல. நீ கேட்டுச் சொல்லும்மா. அவ கூப்பிட்டாளா?"

தூக்கம் வராதவர்களுக்கென்று அவர் ஒரு இசைப்பதிவு செய்துகொண்டிருந்தார். பாட்டோ தாளமோ கிடையாது. மண்பானையின் வாயில் உள்ளங்கை படும் ஒலி ஒரு அடுக்கு. அதன்மேல் சுரைக்குடுக்கைக்குள் உருளும் விதைகள். பிறகு மூங்கில் துண்டுகளின் உரசல். தூங்குமூஞ்சிப் பாட்டு என்பாள் அம்மா. ஆனால் பதிவு தொடங்கியதும் மின்விசிறியை நிறுத்துவாள், இரைச்சல் விழுமென்று ஃப்ரிட்ஜையும் அணைப்பாள். அது முடியும்வரை வீட்டுக்குள் பூனை மாதிரி நடப்பாள்.

முந்தாநாள் பிற்பகல் புல்லாங்குழல் மட்டும் பாக்கி. முன்பே பதிந்தவற்றைக் காதில் ஓடவிட்டு, அவற்றின்மேல் வாசித்திருக்கிறார். முடித்து வெளியே வந்தபோது அம்மா சமையலறைத் தரையில் கிடந்தாள். உடனே கவனித்திருந்தால் பிழைத்திருக்கக்கூடும் என்றாராம் டாக்டர். வீட்டில்தானே இருந்தீர்கள், சத்தம் எதுவும் கேட்கவில்லையா என்றும் கேட்டாராம். அதிலிருந்து அப்பா இப்படித்தான் இருக்கிறார். நேற்று மகள் ஃப்ரிட்ஜைத் திறந்தபோது உள்ளே விளக்கு எரியவில்லை. பால் திரிந்திருந்தது.

குழலை மட்டும் தனியே ஓடவிட்டாள். நீண்ட சுரம், மூச்சு, மறுபடி நீண்ட சுரம். அப்பா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கோ ஒரு பாத்திரம் விழுந்தது. பிறகு, அப்பா மூச்சிழுக்கும் இடைவெளியில், "என்னங்க."

அலறல் இல்லை. பதிவு நடக்கும்போது கதவோரம் நின்று காப்பி வேண்டுமா என்று கேட்பாளே, அந்தத் தணிந்த குரல். குழல் எழுந்து அதை மூடியது. கொஞ்சம் கழித்து இன்னொரு முறை கூப்பிட்டாள், இன்னும் தணிவாக.

மகள் முகத்தை அசைக்காமல் கடைசிவரை கேட்டாள்.

"ஒண்ணும் இல்லப்பா."

"நல்லாக் கேட்டியா?"

"தெருவுல ஏதோ வண்டி போகுது. அவ்வளவுதான்."

அப்பா ஹெட்போனை வாங்கி மேசைமேல் வைத்தார். அப்படியானால் நொடியில் போயிருப்பாள், வலியே தெரிந்திருக்காது என்றார். ஆமாம் என்றாள். இதை இப்படியே வெளியிட அனுப்பிவிடலாம், அம்மா கேட்ட கடைசி வாசிப்பு இதுதான் என்றார்.

"வண்டிச் சத்தம் இடிக்குதுப்பா. இந்த ஒரு அடுக்கை மட்டும் திரும்ப வாசிச்சிருங்க."

"இனிமே என்னால முடியாதும்மா. இருந்துட்டுப் போகட்டும்."

கதவைத் திறந்துகொண்டு கூடத்துக்குப் போனார். சித்தப்பாவிடம் அவராகவே தட்டு கேட்டார். மகள் வந்து பரிமாறினாள். தலை நிமிராமல், கவளம் கவளமாக அள்ளிச் சாப்பிட்டார். விரலால் தட்டின் ஓரம்வரை வழித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் வை என்றார்.

அவள் வைத்தாள்.