உறவு விவரப் படிவம்

சுங்க அலுவலகக் கவுண்டருக்குப் பின்னால் கொழுந்தன் உட்கார்ந்திருந்தான். பியானோ டீச்சர் டோக்கனை நீட்டினாள். வேற்று ஆளிடம் வாங்குவதுபோல் வாங்கினான்.

"உட்காருங்க மேடம்."

அவள் புருஷன் செத்து ஒரு வருஷம் ஆகிறது. கல்யாணத்தைப் பதிவு செய்திருக்கவில்லை. அந்தப் பிடியை வைத்துக்கொண்டு, இவள் தன் அண்ணனுக்கு மனைவியே இல்லை என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்திருந்தான் கொழுந்தன். அவள் குடியிருப்பதும் பாடம் நடத்துவதும் அந்த அண்ணனின் வீட்டில்தான். அடுத்த மாதம் தீர்ப்பு. தோற்றால் பியானோவோடு நடுத்தெருவில் நிற்க வேண்டும்.

மேஜைமேல் அவளுடைய பெட்டி பிரிந்து கிடந்தது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்த நாற்பது பயிற்சிப் புத்தகங்கள். இடப் பக்கம் அச்சிட்ட இசைக்குறிப்பு. வலப் பக்கம் பிள்ளைகள் எழுத வெறும் ஐந்து கோடுகள். இறக்குமதிப் படிவத்தின் விவரப் பத்தியில் 'புத்தகம்' என்று போட்டிருந்தாள். புத்தகத்துக்கு வரி கிடையாது.

எல்லாம் ஒரே புத்தகம்தான். அவன் எச்சில் தொட்டுத் தொட்டு ஏழு பிரதிகளின் பக்கங்களை எண்ணினான். எழுத விட்ட இடம் கால்வாசியைத் தாண்டினால் அது நோட்டு என்றான். நோட்டுக்குச் சுங்க வரி, அதன்மேல் விற்பனை வரி. பொய் விவரம் கொடுத்ததற்கு அபராதமும் போடப் போவதாகச் சொன்னான். அபராதம் அவன் இஷ்டம்.

"சட்டம் யாருக்கும் சொந்தக்காரன் இல்ல மேடம்."

"நீ இருக்கியே தம்பி, அது போதாதா."

பக்கத்து மேஜையில் யாரோ இருமினார்கள். மேலதிகாரி அம்மாள் தன் அறையிலிருந்து எழுந்து வந்தாள். பியானோ டீச்சர் வரியைப் பற்றிப் பேசவில்லை. என் பெட்டியை என் கொழுந்தனே சோதிக்கலாமா என்று மட்டும் கேட்டாள்.

கூடாது. சொந்தக்காரரின் சரக்கு வந்தால், இன்ன உறவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வேறு அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும். மறைத்தால் வேலை போகும்.

"அவங்க எங்களுக்கு யாருமில்ல மேடம்," என்றான் கொழுந்தன்.

மேலதிகாரி படிவத்தை அவன் முன் வைத்தாள். "அப்ப அதையே எழுதுங்க. உங்க அண்ணன் கல்யாணத்துல வாசல்ல நின்னு என்னை வாங்க வாங்கன்னு கூப்பிட்டது நீங்கதான். யோசிச்சு எழுதுங்க."

மேஜைகளில் தலைகள் குனிந்தன. அந்தக் கல்யாணத்தில் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டவர்கள். வழக்கில் சாட்சி சொல்ல இவள் கூப்பிட்டபோது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. மேலதிகாரிக்கும்தான். இன்று அவளும் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது; பொய்யென்றால் அவள் வேலையும் போகும்.

கொழுந்தன் பேனாவைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்து, தாள் கிழியுமளவுக்கு அழுத்தி எழுதினான்: அண்ணனின் மனைவி.

பெட்டி அடுத்த மேஜைக்குப் போனது. அந்த அதிகாரி ஒரு பிரதியைப் புரட்டிவிட்டு, நோட்டுதான் என்றார். வரி உண்டு, அபராதம் வேண்டாம்.

"கடைசியில வரி கட்டித்தானே ஆகணும்," என்றான் கொழுந்தன்.

"கட்டறேன்."

கட்டினாள். கோப்பிலுள்ள எல்லாத் தாள்களுக்கும் நகல் கேட்டு அங்கேயே நின்று மனு எழுதினாள். இறக்குமதி செய்தவர் கேட்டால் மறுக்க முடியாது. கொழுந்தனுக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. அவன் எழுந்து வருவதற்குள் மேலதிகாரி நகல்களில் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டாள்.

பெட்டியை நாளைக்கு வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, பியானோ டீச்சர் நேரே வக்கீலைப் பார்க்கப் போனாள்.